நிலவுத் தண்ணீர்: எங்கே, எப்போது, எவ்வளவு ஆழத்தில்?

சந்திரனில் தண்ணீர் இருக்கிறதா என்ற கேள்விக்கு 2009-லேயே பதில் கிடைத்துவிட்டது. இருக்கிறது. ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று அடுத்துக் கேட்டால் ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொரு எண்ணைச் சொல்லும். ஒன்றில் டன் மண்ணுக்கு 120 கிராம், இன்னொன்றில் 400 கிராம், மற்றொன்றில் 56 கிலோ. இதில் எது சரி என்று தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஏனென்றால் மூன்றுமே சரி. ஒவ்வொன்றும் வேறு இடத்தில், வேறு நேரத்தில், வேறு ஆழத்தில் அளக்கப்பட்டது. இந்த மூன்றையும் சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்துச் சொல்வது அரைகுறைத் தகவல். சந்திரனில் சுரங்கம் தோண்டித் தண்ணீர் எடுப்பதைப் பற்றி இன்று நடக்கும் பேச்சுகளில் பாதி இந்த அரைகுறைத் தகவலின் மேல்தான் நிற்கிறது என்பது என் வருத்தம்.

அப்போலோ விண்வெளி வீரர்கள் 1969 முதல் 1972 வரை 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். சோதித்துப் பார்த்தவர்கள் ஈரப்பசையே இல்லை என்றார்கள். சில மாதிரிகளில் துளியளவு நீர் தென்பட்டபோதும், அது பூமியின் காற்றிலிருந்து ஒட்டியிருக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1961-லேயே வாட்சன், மர்ரே, பிரவுன் என்ற மூவர், துருவப் பகுதிகளில் வெயிலே படாத பள்ளங்களில் பனிக்கட்டி தங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். 1998-இல் லூனார் ப்ராஸ்பெக்டர் விண்கலம் துருவங்களில் ஹைட்ரஜன் கூடுதலாக இருப்பதைக் கண்டது. 2008-இல் அப்போலோ கொண்டுவந்த எரிமலைக் கண்ணாடி மணிகளுக்குள்ளேயே நீரின் சுவடு கிடைத்தது. ஆனாலும், வெயிலில் காயும் பரந்த நிலப்பரப்பில் தண்ணீர் இருக்கும் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை.

அதை மாற்றியது சந்திரயான்-1. அதில் நாசாவின் மூன் மினரலாஜி மேப்பர் என்ற கருவி இருந்தது. சந்திரனின் தரையிலிருந்து திரும்பிவரும் சூரிய ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துப் பார்ப்பது அதன் வேலை. 3 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டிய அகச்சிவப்புப் பகுதியில் ஒளி குறைந்திருந்தது. அந்த அலைநீளத்தை விழுங்குவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்பு. அது தண்ணீர் மூலக்கூறாகவும் இருக்கலாம், ஒரு ஹைட்ரஜன் அணு மட்டும் கொண்ட ஹைட்ராக்சிலாகவும் இருக்கலாம். 3 மைக்ரான் அருகே பார்த்து இரண்டையும் பிரித்தறிவது மிகக் கடினம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆய்வுக் குழு உடனே அறிவித்துவிடவில்லை. கருவிக் கோளாறாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தது. காசினி விண்கலம் 1999-இல் சனிக்குப் போகும் வழியில் சந்திரனைக் கடந்தபோது எடுத்த பதிவுகளைத் தூசு தட்டிப் பார்த்தார்கள். அதிலும் அதே தடயம். அப்புறம், வால்வெள்ளி ஆய்வுக்குப் போய்க்கொண்டிருந்த டீப் இம்பாக்ட் விண்கலம் 2009 ஜூனில் சந்திரனைப் பார்த்தது. அதற்கும் தெரிந்தது. செப்டம்பரில் மூன்று ஆய்வுக் கட்டுரைகளும் ஒன்றாக வெளிவந்தன.

இவற்றில் பலர் கவனிக்காமல் விட்டது டீப் இம்பாக்ட் சொன்ன செய்தி. அது சந்திரனின் வடபகுதியை ஒரு வார இடைவெளியில் பார்த்தது. அந்த ஒரு வாரத்தில் சந்திரனில் ஒரு நாளின் கால் பங்கு நகர்ந்துவிடும், ஏனென்றால் அங்கே ஒரு நாள் என்பது நம் கணக்கில் 29.5 நாள். காலையிலும் மாலையிலும் 3 மைக்ரான் தடயம் அழுத்தமாக இருந்தது. உச்சிப்பொழுதில் மங்கியது. பொழுது சாயச் சாயத் திரும்பவும் வந்தது. அதாவது, அந்த நீர் எப்போதோ வந்து சேர்ந்து அப்படியே கிடக்கும் பழைய சொத்து அல்ல. தினமும் போகிறது, தினமும் வருகிறது என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

போவது புரிகிறது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் நண்பகல் வெப்பம் 120 டிகிரி செல்சியஸை எட்டும், விடியலுக்கு முன் மைனஸ் 170-க்கும் கீழே போகும். காற்று மண்டலம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாததால் வெப்பத்தைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. அந்தச் சூட்டில் நீர் நிற்காது. ஆனால் திரும்ப எங்கிருந்து வருகிறது?

சூரியனிலிருந்து. சூரியக் காற்று எனப்படும் துகள் ஓட்டம் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் சந்திரன் மேல் மோதுகிறது. அதில் பெரும்பங்கு புரோட்டான்கள், அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன். சந்திர மண்ணின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன், எல்லாம் சிலிக்கேட் கனிமங்களுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. பாய்ந்து வரும் புரோட்டான் மண்துகளின் மேல்தோலுக்குள் புகுந்து ஓர் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டால் ஹைட்ராக்சில் தயார். சூடு ஏறினால் அந்தப் பிடி தளரும், ஹைட்ரஜன் நழுவி விண்வெளிக்குப் போகும். சூடு குறைந்தால் புதிதாக வருவது தங்கும். ஆக, ஓர் இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது உருவாகும் வேகத்துக்கும் இழக்கும் வேகத்துக்கும் இடையிலான இழுபறி. துருவத்தை நோக்கிப் போகப் போகத் தடயம் வலுப்பதற்கும் இதுவே காரணம்: அங்கே வெயில் சாய்வாக விழுகிறது, இழப்பு குறைகிறது.

ஹைட்ராக்சில் அல்லாமல் முழுத் தண்ணீர் மூலக்கூறாக இருப்பது இன்னும் எளிதில் கிளம்பிவிடும். மண்துகளின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். இரவெல்லாம் அசையாமல் இருக்கும். சூரியன் மேலேறித் தரை சூடானதும் பிடியை விட்டுத் துள்ளும். எதிரே காற்று இல்லை, மோதுவதற்கு இன்னொரு மூலக்கூறும் இல்லை. நேராக மேலே போய், வளைந்து, சில நூறு கிலோமீட்டர் தள்ளி விழும். விழுந்த இடம் சூடாக இருந்தால் மறுபடி துள்ளும், குளிர்ந்திருந்தால் ஒட்டிக்கொள்ளும். பகல் முழுவதும் இதே ஓட்டம்தான். வழியில் சூரியனின் புறஊதா ஒளி பட்டு உடைந்துபோகும் ஆபத்து எப்போதும் உண்டு. தப்பிப் பிழைத்தவற்றில் சில, துருவத்து நிழல் பள்ளம் ஒன்றில் விழுந்து அங்கேயே நின்றுவிடும். லூனார் ரெகனைஸன்ஸ் ஆர்பிட்டரில் உள்ள புறஊதாக் கருவியான லாம்ப் எடுத்த அளவுகள் இந்தத் துள்ளலோடு ஒத்துப்போகின்றன. 2019-இல் வெளியான அந்த ஆய்வு, மூலக்கூறுகள் நண்பகலை ஒட்டித்தான் கிளம்புகின்றன என்றும், நகர்பவை மிக மிகச் சொற்பம் என்றும் சொன்னது.

இதுவரை சொன்னது அழகான கதை. ஆனால் இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. இந்தத் துறையில் பத்தாண்டுக்கும் மேலாக நடக்கும் வாதம் அதைச் சுற்றித்தான்.

சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்பில் தானே ஒளி விடும். நண்பகல் நேரத்துச் சந்திரத் தரையும் அப்படித்தான், அதுவும் சரியாக 3 மைக்ரானை ஒட்டி. கருவிக்கு வந்து சேரும் ஒளியில், தரையில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியும் இருக்கிறது, தரை தானே உமிழ்ந்த ஒளியும் கலந்திருக்கிறது. நீர் விழுங்கியதால் உண்டான பள்ளத்தைத் தரையின் சொந்த ஒளி நிரப்பித் தூர்த்துவிடும். பார்ப்பவருக்கு நண்பகலில் நீர் குறைந்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் நீர் அப்படியே இருந்து, அதன் தடயம் மட்டும் மறைந்திருக்கலாம். ஆக, மாறுவது தண்ணீரா, வெப்பமா?

இதைப் பிரிக்கத் தரையின் வெப்பநிலை துல்லியமாகத் தெரிய வேண்டும். சந்திரயான்-1 கருவி 3 மைக்ரானோடு நின்றுவிட்டது. வெப்ப ஒளி பலமாகத் தெரிவது அதற்கு அப்பால்தான். எனவே வெப்பநிலையை வேறு வழியில் ஊகித்துக் கழிக்க வேண்டியிருந்தது. எப்படிக் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறியது. 2017-இல் லீ, மில்லிகன் இருவரும் ஒரு முறையைக் கையாண்டு, அட்சரேகைக்கு ஏற்பவும் நேரத்துக்கு ஏற்பவும் அளவு தெளிவாக மாறுகிறது, உயர் அட்சரேகைகளில் டன்னுக்கு 500 முதல் 750 கிராம் வரை போகிறது என்றார்கள். அடுத்த ஆண்டே பேண்ட்ஃபீல்ட் குழு, கரடுமுரடான தரையில் வெயில் பட்ட முகமும் நிழல் முகமும் வெவ்வேறு சூட்டில் இருப்பதைக் கணக்கில் சேர்த்து அதே தரவைத் திரும்பப் பார்த்தது. நிலநடுக்கோட்டிலும் நண்பகலிலும் கூடத் தடயம் பரவலாக இருக்கிறது, நாளின் போக்கில் பெரிய மாற்றம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஒரே கருவி, ஒரே தரவு, எதிரெதிர் முடிவுகள்.

என் கணிப்பு இது: நாள்தோறும் நடக்கும் மாற்றம் உண்மைதான், ஆனால் முதலில் சொல்லப்பட்ட அளவுக்குப் பெரிதல்ல. மண்ணில் ஆழப் பிணைந்த ஹைட்ராக்சில் நிலையான அடித்தளமாக நிற்கிறது. அதன் மேல் மெல்லிய ஒரு பங்கு மட்டும் சூட்டோடு ஏறி இறங்குகிறது. லாம்ப் சொன்ன சொற்ப அளவும் இதற்குப் பொருந்துகிறது. முடிவு சொல்ல வேண்டியது, வெப்ப ஒளியையும் சேர்த்து அளக்கும் கருவிகள். சந்திரயான்-2 ஆர்பிட்டரில் உள்ள அகச்சிவப்பு நிறமாலைமானி 0.8 முதல் 5 மைக்ரான் வரை பார்க்கிறது. அதனால் 3 மைக்ரான் பள்ளம் முழுதாகவும் தெரிகிறது, அதற்கு அப்பாலுள்ள வெப்ப ஒளியும் தெரிகிறது. இந்தக் கூடுதல் 2 மைக்ரான் சின்ன விஷயம் போலத் தோன்றும். வாதத்தின் மையமே அதுதான்.

ஹைட்ராக்சிலா தண்ணீரா என்ற பழைய குழப்பத்தை ஒரு விமானம் தீர்த்தது. போயிங் 747-இல் தொலைநோக்கியைப் பொருத்திய சோஃபியா, பூமியின் நீராவிக்கு மேலே பறந்து 6 மைக்ரானில் சந்திரனைப் பார்த்தது. அந்த அலைநீளத்தில் விழும் தடயம் முழுத் தண்ணீர் மூலக்கூறுக்கு மட்டுமே உரியது, ஹைட்ராக்சிலுக்கு அங்கே வேலையில்லை. தெற்கே உள்ள கிளேவியஸ் பள்ளத்தை ஒட்டிய பகுதியில் டன்னுக்கு 100 முதல் 412 கிராம் வரை தண்ணீர் இருப்பதாக 2020 அக்டோபரில் முடிவு வெளிவந்தது. வெயில் படும் இடம் அது. திறந்த மேற்பரப்பில் அப்படித் தங்க வழியில்லை என்பதால், கண்ணாடித் துகள்களுக்குள்ளோ மண்துகள்களின் இடுக்கிலோ அது பதுங்கியிருக்க வேண்டும். சகாரா பாலைவன மண்ணில் இதைவிட நூறு மடங்கு நீர் உண்டு என்று நாசாவே ஒப்பிட்டுச் சொன்னது. அந்த அறிவிப்பு வந்த நாளில் செய்திகளில் ஓடிய தலைப்புகளோடு இதைச் சேர்த்துப் படித்திருக்க வேண்டும்.

கண்ணாடிக்குள் பதுங்கல் வெறும் ஊகமாக நிற்கவில்லை. சீனாவின் சாங்'இ-5 விண்கலம் 2020 டிசம்பரில் 1,731 கிராம் மண் கொண்டுவந்தது. விண்கற்கள் மோதி உருகித் தெறித்து உறைந்த நுண்ணிய கண்ணாடி மணிகள் அதில் இருந்தன. 2023-இல் வெளியான ஆய்வில், சில மணிகளில் நீரளவு டன்னுக்கு 2 கிலோ வரை போனது தெரிந்தது. விளிம்பில் அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு. சூரியக் காற்று தந்த ஹைட்ரஜன் வெளியிலிருந்து உள்ளே ஊறியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. அதே விண்கலம் தரையில் நின்றபடியே சுற்றியுள்ள மண்ணை அளந்தபோது டன்னுக்குச் சுமார் 120 கிராம்தான் வந்தது. மணியில் 2 கிலோ, மண்ணில் 120 கிராம். இரண்டும் ஒரே இடம்தான்.

இட வேறுபாடு அட்சரேகையோடு முடிவதில்லை. சந்திரனுக்கு முழுமையான காந்தப்புலம் இல்லை, ஆனால் அங்கங்கே திட்டுத் திட்டாகக் காந்தம் உண்டு. ரெய்னர் காமா என்ற வெளிர்நிறச் சுழி அப்படி ஓர் இடம். சூரியக் காற்றைக் காந்தம் திசைதிருப்பிவிடுவதால் அங்கே ஹைட்ராக்சில் சுற்றுப்புறத்தைவிடக் குறைவு. சூரியக் காற்றுதான் மூலம் என்ற விளக்கத்துக்கு இயற்கையே நடத்திக் காட்டிய சோதனை இது. பழைய எரிமலைச் சாம்பல் படிந்த இடங்களில் நிலைமை வேறு. அங்குள்ள நீர் சந்திரனின் வயிற்றிலிருந்து வந்தது, சூரியனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த உள்நீர் கூட எங்கும் சமமாக இல்லை. சாங்'இ-6 மறுபக்கத்திலிருந்து 2024-இல் கொண்டுவந்த பாறைகளைச் சோதித்தபோது, அவை பிறந்த மேன்டில் பகுதியில், அதாவது மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கில், டன்னுக்கு 1 முதல் 1.5 கிராம் நீரே இருந்ததாகத் தெரிந்தது. நம் பக்கத்து மேன்டிலுக்குக் கிடைத்த அளவுகளில் பல இதைவிட வெகு அதிகம்.

மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு மாற்றமும் வருகிறது. பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் சந்திரன் பூமியின் காந்த வாலுக்குள் போய் வரும். அந்த நாட்களில் சூரியக் காற்று பெருமளவு தடைபடும். அப்படியென்றால் நீர் உருவாவது நின்றுபோய் அளவு சரிய வேண்டும். 2023-இல் சந்திரயான்-1 தரவை வைத்து ஷுவாய் லீ குழு பார்த்தது, அப்படிச் சரியவில்லை. காந்த வாலில் உள்ள அதிக ஆற்றல் கொண்ட எலக்ட்ரான்களும் நீர் உருவாக்கத்தில் பங்கு வகிக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். சூரியக் காற்றை மட்டும் வைத்துப் போட்ட கணக்கில் இன்னும் இடம் விட்டு வைக்க வேண்டும் என்று இது காட்டுகிறது.

ஆழத்தைப் பற்றிச் சொன்னது லாடீ விண்கலம். 2013, 2014-இல் சந்திரனைச் சுற்றியபடி அதன் மெல்லிய வாயுப் படலத்தை அளந்தது. அவ்வப்போது நீராவி திடீரென எகிறும், பிறகு அடங்கும். எகிறிய நேரங்களைப் பார்த்தால், பெரும்பாலும் பூமியில் நாம் எரிகல் மழை பார்க்கும் நாட்களோடு பொருந்தின. சிறு விண்கற்கள் தரையைக் குத்தியதும் அடியிலிருந்து நீராவி வெளியே வருகிறது. கணக்குப் போட்டபோது, மேலே சுமார் 8 சென்டிமீட்டர் வறண்ட படலம், அதற்குக் கீழே டன்னுக்கு 200 முதல் 500 கிராம் நீர் கொண்ட மண் என்ற சித்திரம் கிடைத்தது. மேலிருந்து பார்க்கும் நிறமாலைக் கருவிகளுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது என்பதை இங்கே சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்த 56 கிலோ எங்கே? துருவத்தில். சந்திரனின் அச்சு 1.5 டிகிரி மட்டுமே சாய்ந்திருப்பதால், துருவத்தை ஒட்டிய ஆழமான பள்ளங்களின் அடியில் வெயில் படுவதே இல்லை. வடக்கே ஹெர்மைட் பள்ளத்தில் மைனஸ் 247 டிகிரி பதிவாகியிருக்கிறது. மைனஸ் 163-க்குக் கீழே இருந்தாலே பனிக்கட்டி நூறு கோடி ஆண்டு அளவில் தாக்குப்பிடிக்கும். 2009 அக்டோபர் 9 அன்று நாசாவின் எல்கிராஸ் திட்டத்தில் காலியான ஒரு ராக்கெட் அடுக்கைத் தெற்கே கபேயஸ் பள்ளத்தில் மோதவிட்டார்கள். எழுந்த தூசியில் எடைக்கு 5.6 சதவீதம் தண்ணீர், பிழை வரம்பு 2.9 சதவீதம். டன்னுக்கு 56 கிலோ என்பது இதுதான். ஒரே ஒரு பள்ளத்தில், ஒரே ஒரு புள்ளியில், ஒரே ஒரு மோதலில் கிடைத்த எண். 2018-இல் சந்திரயான்-1 தரவைக் கொண்டு மேற்பரப்பிலேயே வெளித்தெரியும் பனியைத் தேடியபோது, போதுமான குளிர் இருந்த இடங்களில் சுமார் 3.5 சதவீதத்தில்தான் அது தென்பட்டது. குளிர் இருந்தால் பனி இருக்கும் என்று நம்பிப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

குளிரும் அடிக்கு அடி மாறுகிறது. சந்திரயான்-3 லேண்டர் 2023 ஆகஸ்ட் 23 அன்று 69 டிகிரி தெற்கில் இறங்கி, சேஸ்ட் என்ற வெப்பமானியை மண்ணுக்குள் இறக்கியது. வெயிலைப் பார்த்து 6 டிகிரி சாய்ந்திருந்த அந்த இடத்தில் பகல் வெப்பம் 82 டிகிரி. சுமார் ஒரு மீட்டர் தள்ளிச் சமதரையில் ஏறத்தாழ 60 டிகிரி. ஒரு மீட்டருக்குள் 22 டிகிரி வித்தியாசம்! அந்தக் குழு இதை வைத்து, துருவத்தைப் பார்த்து 14 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே பனி தங்கும் அளவுக்குக் குளிர் இருக்கலாம் என்று கணித்தது. அந்த நிரந்தர நிழல் பள்ளங்களில் இறங்குவதைவிட இத்தகைய சரிவுகளை அணுகுவது எளிது, வெயிலும் கிடைக்கும்.

நிரந்தர நிழல் என்கிறோமே, அதுவும் நிரந்தரம் அல்ல. சந்திரன் ஒரு காலத்தில் பூமிக்கு இன்னும் அருகில் இருந்தது. மெல்ல விலகிவந்த வரலாற்றில் அதன் அச்சு இன்றைவிட வெகுவாகச் சாய்ந்திருந்த கட்டமும் உண்டு. அப்போது இன்றைய இருண்ட பள்ளங்களில் பலவற்றில் வெயில் அடித்திருக்கும். அதனால் எந்தப் பள்ளத்தில் பனி குவிந்திருக்கிறது என்பது, இன்று எவ்வளவு குளிர் என்பதோடு, எத்தனை கோடி ஆண்டாக அது இருட்டில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. மிக அதிக காலம் இருண்டு கிடந்த பள்ளங்களைத் தேர்ந்தெடுத்துத் தோண்டுவதுதான் புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கிறேன், தரையிறங்க வசதியான இடம் என்பதை மட்டும் பார்த்து அல்ல.

இனித் தேவைப்படுவது ஒரே இடத்தைக் காலை, நண்பகல், மாலை என்று பல சந்திர நாட்கள் திரும்பத் திரும்ப, நீரையும் வெப்பநிலையையும் ஒருசேர அளப்பது. அதற்கென்றே செய்யப்பட்டது நாசாவின் லூனார் ட்ரெயில்பிளேசர் விண்கலம். ஒரு கருவி நீரின் தடயத்தைப் பார்க்கும், இன்னொரு கருவி அதே கணத்தில் தரையின் சூட்டைப் பார்க்கும். 2025 பிப்ரவரி 26 அன்று ஏவப்பட்டது, மறுநாளே தொடர்பு அறுந்தது, ஜூலை இறுதியில் திட்டம் முடிந்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் தென்துருவத்தை ஒட்டி இறங்கிய அதீனா லேண்டர் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டதால், அதில் இருந்த துளைக்கருவியால் மண்ணைத் துளைக்க முடியவில்லை. நண்பகலில் மாறுவது தண்ணீரா வெப்பமா என்பதற்கு இப்போதைக்குச் சந்திரயான்-2 பதிவுகளைத்தான் தோண்ட வேண்டும். ஆழத்துக்கான பதில் ஒரு மீட்டர் வரை துளைக்கும் நாசாவின் வைப்பர் ரோவரிடமும், நிழலுக்குள் தாவிப் போய்ப் பார்க்கும் கருவியோடு புறப்படும் சாங்'இ-7 திட்டத்திடமும், இஸ்ரோவும் ஜப்பானின் ஜாக்சாவும் சேர்ந்து தயாரிக்கும் லூபெக்ஸ் திட்டத்தின் ரோவரிடமும் இருக்கிறது.